பதைத்த நெஞ்சும் பகுத்தறியும் கண்ணும்

படம் முடிந்துவிடுகிறது, பதைப்பு முடிவதில்லை. டான் ரீட் இயக்கி, 2009இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘டெரர் இன் மும்பை’ எனும் ஆவணப்படத்தைக் கண்டோர் நிலை இது.

2008 நவம்பர் 26 இரவு, கடல்வழி வந்த பத்துப்பேர் துப்பாக்கியும் குண்டுமாக மும்பைக்குள் புகுந்தனர். இரயில் நிலையம், உணவகம், விடுதி, யூதர் இல்லம் எங்கும் குருதி. 166 உயிர்கள் மாண்டன. அக்கொடுமையை நடிகர்களைக் கொண்டு நடித்துக் காட்டும் படமல்ல இது. கண்காணிப்புக் கருவிகளில் பதிந்த காட்சி, காவல்துறை ஒட்டுக் கேட்ட தொலைபேசிப் பேச்சு, உயிர் தப்பியோர் கூற்று, பிடிபட்ட கசாப் மருத்துவமனைப் படுக்கையில் அளித்த வாக்குமூலம் - இவையே இதன் எலும்பும் தசையும்.

கண்டோரில் ஒருவர் கண்ணீர் சிந்துகிறார். மற்றொருவர் பல்லை நறநறவெனக் கடிக்கிறார். மூன்றாமவரோ, “அந்த மதத்தாரே இப்படித்தான்!” என்று, அடுத்த தெருக்காரரை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார். முதல் இருவரின் உணர்ச்சி மனிதப் பண்பு. மூன்றாமவர் ஏமாந்துபோனவர். எவரிடம் ஏமாந்தார்? படமே விடை சொல்கிறது, தோழர்களே! நாம்தான் காது கொடுத்துக் கேட்பதில்லை.

குற்றாலத்தில் வாழ்ந்து, கவிதையை நெஞ்சால் சுவைக்கும் வழியை நாட்டுக்குக் காட்டியவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். கவிதைக்கு உணர்ச்சியே எல்லையாக இருக்கலாம். சுவைத்தோம், சிலிர்த்தோம், போதும் எனலாம். கொலையைக் காட்டும் படத்துக்கு அந்த அளவுகோல் பொருந்துமா? பொருந்தாது. அங்கே உணர்ச்சி வாயிற்படி. வீடு அதற்கு அப்பால் இருக்கிறது.

படத்தின் உயிர்நாடி அந்தத் தொலைபேசிக் குரல்தான். பாகிஸ்தானில் அமர்ந்து ஏவுகிறான் ஒருவன். மும்பையில் நின்று சுடுகிறான் இன்னொருவன். தாஜ் விடுதிக்குள் நுழைந்த இளைஞர்கள் அங்குள்ள பெரிய கணினித் திரைகளைக் கண்டு வாய் பிளக்கிறார்கள். ஏவுபவனுக்கோ அவசரம். தீ வை, தீ வை என்கிறான். ஏன்? நெருப்பைக் கண்டால்தான் மக்கள் மனத்தில் அச்சம் பிறக்கும் என்கிறான்! சுடுபவனின் குறி எதிரே நின்றவர். ஏவியவனின் குறி, பார்த்துக்கொண்டிருந்தவர். செத்தவர் 166 பேர். அவன் எண்ணிய இரையோ கோடிக்கணக்கானோர் நெஞ்சம். தொலைக்காட்சியில் கண்டதையெல்லாம் அவன் உடனுக்குடன் உள்ளிருந்தோர்க்குச் சொன்னான். கசாப் வழக்கில் 2012 ஆகஸ்டில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த நேரடி ஒளிபரப்பைக் கடுமையாகக் கண்டித்தது.

ஆகவே, படம் பார்த்து அண்டை வீட்டாரை வெறுப்பவர், தம்மை அறியாமலே அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிகிறார். அவன் தொடங்கியதை இவர் முடித்து வைக்கிறார்.

மும்பை தொலைவில் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அதே 2008ஆம் ஆண்டு சனவரியில், நம் தென்காசியில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்திலும் பேருந்து நிலையத்திலும் குண்டு வெடித்தது. அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் மதப்பகையும் பழிவாங்கும் வெறியும் மூட்டிய மோதலில் இரு தரப்பிலுமாக ஆறு உயிர்கள் போயிருந்தன. ஆறாத புண் மீது விழுந்த அடி. அந்நிலையில் ஐயம் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்லவும் வேண்டுமா? ஆனால், அடுத்த மாதமே காவல்துறை கைது செய்தது இந்து அமைப்புகளைச் சார்ந்தவர்களை! பழி முசுலிம்கள் மீது விழ வேண்டும், இந்துக்கள் கொதித்தெழ வேண்டும் என்பதே நோக்கம் என்று காவல்துறை அறிவித்தது. இங்கும் குறி, சுவரோ கட்டடமோ அல்ல, பார்ப்பவர் நெஞ்சம். அன்று தென்காசி மக்கள் பொறுத்திருந்தனர். பொறுத்ததால் உண்மை வர வழி இருந்தது. பொங்கி எழுந்திருந்தால், உண்மை வருமுன் பிணம் விழுந்திருக்கும்.

மும்பையிலும் அறிவு தோற்றுவிடவில்லை. மாண்ட 166 பேரில் முசுலிம்களும் பலர். கொலைகாரர் ஒன்பதின்மரின் உடல்களைத் தங்கள் இடுகாட்டில் புதைக்க இடமில்லை என மறுத்தவர்கள் மும்பை முசுலிம்களே. கையில் தடி மட்டுமே ஏந்திய துக்காராம் ஓம்ப்ளே எனும் காவலர், கசாப்பின் துப்பாக்கிக் குழலைப் பற்றி, குண்டுகளைத் தம் உடலில் ஏற்று மாண்டார், பிடியை விடவில்லை. அதனாலன்றோ ஒருவன் உயிரோடு சிக்கினான்! அதனாலன்றோ ஏவியவர் யாரென உலகம் அறிந்தது! ஓம்ப்ளே பற்றியது ஒரு துப்பாக்கியை மட்டுமல்ல, உண்மையின் கழுத்துப் பட்டையையும்.

குறையில்லாத படமா இது? இல்லை. ஏவுபவனின் குரல் அவ்வளவு அழுத்தமாக ஒலிப்பதால், மாண்டவர் முகங்களைவிட அந்தக் குரலே நினைவில் தங்கிவிடுகிறது. வலிமையே வலுக்குறைவாகும் இடம் அது. ஆயினும், கயிற்றை இழுத்தவனைத் திரைக்குமுன் கொண்டுவந்து நிறுத்திய துணிவு போற்றத்தக்கது.

தென்காசியிலும் குற்றாலத்திலும் இப்படத்தைக் கூடியிருந்து காணும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும் கலைந்துவிடாதீர். அழுகை வந்தால் அழுங்கள், அது இழுக்கல்ல. பிறகு விளக்கைப் போட்டுக் கேளுங்கள்: சுட்டவன் யார்? ஏவியவன் யார்? என் சினத்தால் இலாபம் அடைபவன் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை கண்டவனை எந்தக் குண்டு வைப்பவனும் ஏமாற்ற முடியாது.