ஆறாவது நம்பிக்கை: களா கத்ரும் காலமும்

குர்ஆன் மத்ரஸாவில் ஈமானின் ஆறு அம்சங்களை மனனம் செய்யும் அக்குறணைப் பிள்ளை, ஐந்தை ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு ஆறாவதில் சற்று நிதானிக்கும். அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், தூதர்கள், இறுதிநாள் என்ற ஐந்தும் சொன்ன உடனே மனதில் உட்கார்ந்துவிடுகின்றன. நன்மையும் தீமையும் அல்லாஹ் விதித்தபடியே (களா கத்ர்) என்ற ஆறாவது அப்படியல்ல. எல்லாம் எழுதப்பட்டுவிட்டதென்றால் நான் ஏன் தண்டிக்கப்பட வேண்டும் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தப் பிள்ளையை அதட்டி உட்கார வைக்கக் கூடாது. இல்முல் கலாம் என்ற இறையியல் பெருங்கலை முளைத்ததே அந்தக் கேள்வியில்தான்.

கேள்வியை முதலில் சூடாக்கியது அரசியல். உமையா ஆட்சியில் நடந்த அநீதிகளும் விதியின் பேரில் நியாயப்படுத்தப்பட்டபோது, மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று பஸராவில் மஃபத் அல்-ஜுஹனீ பேசினார். அவர் வழி வந்தோர் கத்ரிய்யாக்கள் எனப்பட்டனர். இதற்கு நேர் எதிரே ஜஹ்ம் இப்னு ஸஃப்வான் நின்றார். செயல் என்று மனிதனுக்கு எதுவுமில்லை, எல்லாம் நிர்ப்பந்தம் என்பது அவர் கட்சி, அதுவே ஜபரிய்யா. இதில் நான் மீண்டும் மீண்டும் யோசிப்பது ஒன்றுண்டு. மஃபத் ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சியில் சேர்ந்து கி.பி. 700 அளவில் கொல்லப்பட்டார். ஜஹ்மும் குராசானில் ஒரு கிளர்ச்சியில் சேர்ந்து 746இல் கொல்லப்பட்டார். மனிதனுக்குச் சக்தியே இல்லை என்றவர், ஓர் ஆட்சியை மாற்றலாம் என்று எழுந்து நின்றிருக்கிறார்! ஜபரிய்யாக் கொள்கையைப் பேசலாம். அதன்படி ஒரு நாள்கூட வாழ முடியாது.

முஃதஸிலாக்கள் என்ற கலாம் பிரிவினர் அல்லாஹ்வின் நீதியை முன்வைத்தார்கள். தான் படைத்த செயலுக்காக அடியானை அவன் தண்டிக்க மாட்டான். ஆகவே செயலைப் படைப்பவன் மனிதனே என்றார்கள். இமாம் அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (ரஹ்) நாற்பது வயதளவு வரை இந்த முகாமில்தான் இருந்தார். அவர் வெளியேறியதற்குச் சொல்லப்படும் கதை பிரசித்தமானது. மூன்று சகோதரர்களில் ஒருவர் நல்லவராகவும், ஒருவர் பாவியாகவும், ஒருவர் சிறுவயதிலும் மரணிக்கிறார்கள். எனக்கும் ஆயுளைத் தந்திருந்தால் உயர்ந்த அந்தஸ்தை அடைந்திருப்பேனே என்று சிறுவன் முறையிடுகிறான். நீ வளர்ந்தால் பாவியாவாய் என்று அறிந்ததால் முன்பே எடுத்தேன் என்பது அல்லாஹ்வின் பதில். அப்படியானால் என்னை ஏன் சிறுவயதில் எடுக்கவில்லை என்று பாவி கதறுவான் அல்லவா? அஷ்அரீயின் முஃதஸிலா ஆசிரியர் ஜுப்பாயியிடம் இதற்கு விடை இருக்கவில்லையாம்.

அஷ்அரீ இமாம் (இறப்பு 936) தந்த விடை கஸ்பு: செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைச் சம்பாதித்துக்கொள்பவன் அடியான். மிக நுட்பமான ஒன்றுக்கு அறபியில் அஷ்அரீயின் கஸ்பையே உதாரணம் காட்டும் அளவுக்கு இது நுட்பமானது. சமர்கந்தின் இமாம் மாதுரீதீ (ரஹ்) இன்னும் ஓரடி வைத்து, செயலை எந்தப் பக்கம் திருப்புவது என்ற தெரிவை மனிதனிடமே உறுதிப்படுத்தினார். நம் நாட்டு முஸ்லிம்கள் வழமையாக ஷாபிஈ மத்ஹபினர், அகீதாவில் அஷ்அரீ வழியினர். ஆனால் மத்ரஸாக்களின் தர்ஸ் நிஸாமிப் பாடத்திட்டத்தில் ஓதப்படும் நஸஃபீயின் அகாயித் மாதுரீதீ நூல். சிந்தனைப் பள்ளிகளுக்கிடையே நாம் நினைப்பது போன்ற உயர்ந்த மதில்கள் இருக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் கடல் கடந்து இலங்கைக்கு வந்து போதித்ததாலும் அறபுத் தமிழில் எழுதியதாலும், இந்தக் கல்வி அறபு தெரியாத வீட்டுப் பெண்கள் வரை சென்றடைந்தது.

காலத்தைப் பற்றிக் கலாம் அறிஞர்கள் சொன்னது இன்னும் வியப்பானது. அஷ்அரீ கலாமில் பொருட்களின் தன்மைகள் இரண்டு கணங்கள் நிலைப்பதில்லை. ஒவ்வொரு கணமும் புதிதாகப் படைக்கப்படுகின்றன. தொடர்ச்சி என்று நாம் காண்பது படைப்பின் வழமை. இமாம் கஸ்ஸாலீ (இறப்பு 1111) தத்துவவாதிகளுக்கு மறுப்பாக எழுதிய தஹாஃபுத் என்ற நூலில் மனித மனதின் ஒரு பலவீனத்தைச் சுட்டினார். உலகம் படைக்கப்படுவதற்கு முன் என்ன இருந்தது என்று நம் கற்பனை விடாமல் கேட்கிறது. ஒரு தொடக்கத்தை, அதற்கு ஒரு முன்பு இல்லாமல் அதனால் எண்ணிப் பார்க்க முடியாது. காலமும் படைக்கப்பட்டதே, அந்த முன்பு நம் கற்பனையின் வேலை என்றார் அவர். களா கத்ரில் நமக்கு வரும் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். முதலில் எழுதிவிட்டான், பிறகு நான் செய்கிறேன் என்று அல்லாஹ்வுடைய அறிவையும் நமது கடிகாரத்துக்குள் அடைக்கப் பார்க்கிறோம்.

ஊர் வழக்கங்களிலும் இந்த விவாதங்கள் வாழ்கின்றன. பராஅத் இரவில் வீடுகளில் ஓதப்படும் மூன்று யாஸீன்களில் ஒன்று நீண்ட ஆயுளுக்கு, இன்னொன்று ரிஸ்குக்கு. எழுதப்பட்ட ஆயுள் துஆவால் நீளுமா? மாறாத விதியை முப்ரம் என்றும், நிபந்தனையோடு தொங்கும் விதியை முஅல்லக் என்றும் உலமாக்கள் பிரித்தது இதற்காகத்தான். பராஅத் இரவின் அமல்கள் பற்றிய கருத்து வேறுபாட்டை இங்கே தொடவில்லை. ஆனால் ஸபர் மாதத்து ஒடுக்கத்துப் புதனை (கடைசிப் புதனை) பீடை நாளாகக் கருதுவது வேறு விஷயம். ஸபரில் பீடையில்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக மறுத்திருக்கிறார்கள். காலத்தைத் திட்டுவதையும் தடுத்திருக்கிறார்கள். நாளின் மேல் பழி போடுபவர் தன் பொறுப்பை இறக்கி வைக்கிறார். பிறை விவகாரம் இதற்கு நேர் எதிரானது. சந்திரனின் பாதை வருடக் கணக்கில் முன்கூட்டியே கணிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் 29ஆம் நாள் மாலை கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடுபவர்கள், ஒரு மனிதன் கண்ணால் கண்ட சாட்சிக்காகக் காத்திருக்கிறார்கள். சந்திரனின் ஓட்டம் அல்லாஹ் விதித்தது, கடமை நம் பார்வையோடு தொடங்குகிறது. கஸ்பை விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இத்தனை சிந்தனைப் பள்ளிகளையும் எந்த அளவுகோலால் நிறுப்பது? உமர் (ரழி) அவர்களின் முடிவைத்தான் நான் எடுத்துக்கொள்வேன். ஹிஜ்ரி 18இல் ஷாமில் கொள்ளைநோய் பரவியதை ஸர்க் என்ற இடத்தில் கேள்வியுற்ற அவர்கள், உடன்வந்தோரோடு திரும்பத் தீர்மானித்தார்கள். கத்ரை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) கேட்டார்கள். ஒரு கத்ரிலிருந்து இன்னொரு கத்ரின் பக்கம் போவதாகவே உமர் (ரழி) அதைக் கண்டார்கள். செழிப்பான கரையில் ஒட்டகத்தை மேய்த்தாலும் வறண்ட கரையில் மேய்த்தாலும் இரண்டும் விதிக்குள்ளேதான் என்று விளங்கப்படுத்தினார்கள். 2020 மார்ச் இறுதியில் கொரோனாத் தொற்றுக் காரணமாக அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டபோது நாம் இந்த வழியில் நடந்தோம். ஜும்ஆ இல்லாத வெள்ளிக்கிழமைகளை மனம் கனக்க ஏற்றுக்கொண்டோம். அதை யாரும் ஈமானின் குறைவு என்று சொல்லவில்லை.

ஆனால் நம் ஊர்ப் பிங்கா ஓயாவின் விஷயத்தில் மட்டும் ஏன் மாறிவிடுகிறோம்? அடைமழையில் ஓயா பெருகி, கண்டி–மாத்தளை வீதி மூழ்கி, கடைகளுக்குள் தண்ணீர் புகுவது இந்த ஊருக்குப் பழகிப்போன துயரம். சேற்றை அள்ளும் கடைக்காரரிடம் அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்வது சரியான ஆறுதல்; நடந்து முடிந்த இழப்பைத் தாங்கத்தான் கத்ர் நமக்குத் தரப்பட்டது. ஓயாவின் ஓரத்தை நெருக்கிக் கட்டடம் எழும்போதும், நீரோட்டத்தில் குப்பை கொட்டப்படும்போதும் நாட்டப்படி நடக்கும் என்று சும்மா இருப்பதை எந்த இமாமும் அனுமதிக்கவில்லை. அகீதாவில் அஷ்அரீக்களான நாம், ஓயாக் கரையில் ஜஹ்மின் மாணவர்களாகிவிடுகிறோம். ஆறாவது நம்பிக்கையைப் பற்றி மிம்பரில் பேசும் கதீப்மார்கள் ஓயாவின் எல்லையையும் சேர்த்தே பேச வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன்னரே பேச வேண்டும். நீர் போகும் வழியை மறித்த சுவர் தன்னுடையது என்று அறிந்தவர், வழக்கும் உத்தரவும் வரும்வரை காத்திராமல் அதை இடிக்க முன்வர வேண்டும்.