கரடிக்குள் யார்?

1974-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. தாமஸ் நேகல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர், வௌவாலாக இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். வௌவால் மாதிரி 'நான்' தலைகீழாகத் தொங்குவதைக் கற்பனை செய்யலாம். வௌவாலுக்கே அது எப்படி இருக்கிறது என்பது நமக்கு எட்டாது என்பது அவர் கட்சி. அதே வருஷம் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்கிற விளையாட்டை வெளியிட்டார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். 'நான் கதவை உடைக்கிறேன்' என்று அறிவித்துவிட்டு, 20 முகப் பகடையை உருட்டி, உடைந்ததா என்று பார்ப்பார்கள். வயசானவர்களும் ஆடுகிறார்கள். வருஷக்கணக்கில்.

பாத்திரங்களில் ஒன்று ட்ரூயிட். பண்டைய கெல்டிய இனத்தின் பூசாரிகள் பெயர் அது. நிஜ ட்ரூயிட்கள் பாடங்களை எழுதி வைக்காமல், சிலர் 20 வருஷம்கூட மனப்பாடம் செய்து படித்ததாக ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். விளையாட்டின் ட்ரூயிட்டுக்கு அத்தனை பொறுமை கிடையாது. அவர் கரடியாக மாறுவார். நம் கூடு விட்டுக் கூடு பாய்வது போல் அல்ல. உடம்பே மாறும், மனசு மட்டும் பழைய மனசு.

சிக்கல் இந்த 'மட்டும்'-ல் இருக்கிறது. 1978 விதிப்புத்தகத்தில் ஏழாவது படியை எட்டிய ட்ரூயிட் ஒரு நாளைக்கு மூன்று முறை மாறலாம்: ஒரு தடவை ஊர்வன, ஒரு தடவை பறவை, ஒரு தடவை பாலூட்டி. மாறும்போது காயங்கள் வேறு ஓரளவு ஆறிவிடும். அதே புத்தகத்தில் அடுத்தவரை மிருகமாக்கும் மந்திரம் ஒன்று உண்டு. அதில் மாட்டியவருக்குக் காலப்போக்கில் புத்தியும் மிருகபுத்தியாகிவிடும் அபாயம் உண்டு. ட்ரூயிட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. அன்றிலிருந்து கரடி என்பது ஒரு கம்பளிக் கோட்டு.

2014 பதிப்பில் கோட்டு கவசமே ஆகிவிட்டது. இரண்டாம் படி ட்ரூயிட்டின் உயிர்ப்புள்ளிகள் சுமார் 15. அவர் பழுப்புக் கரடியானால் கரடிக்கென்று தனியாக 34. கரடி அடிபட்டு விழுந்தால் உள்ளிருந்து ட்ரூயிட் எழுந்து வருவார், மறுபடி கரடியாகலாம். ஒரு சண்டையில் மூன்று உயிர். பக்கத்தில் கத்தி வைத்துக்கொண்டு நிற்கும் நண்பருக்கு வயிறு எரியாதா? நேகலின் வௌவாலுக்கும் இந்தப் பதிப்பில் விடை உண்டு: இருட்டில் 60 அடி வரை தெரியும். தத்துவம் முடிந்தது.

இங்கேதான் ஹோம்ப்ரூ. வீட்டிலேயே காய்ச்சிய விதிகள் என்று அர்த்தம். (நம் ஊரில் வீட்டில் காய்ச்சினால் போலீஸ் வரும்.) அச்சான விதி பிடிக்காதவர்கள் தாங்களே எழுதிக்கொள்வது. அநேகமாக எல்லாரும் முதலில் கைவைப்பது இந்த உருமாற்றத்தில்.

இவற்றில் பாதி, கணக்குப்பிள்ளை வேலை. கரடி, ஓநாய், புலி என்று ஒவ்வொன்றின் அட்டவணையையும் புரட்டுவானேன்? நில விலங்கு, நீர் விலங்கு, வான் விலங்கு என மூன்று அச்சு போதும். உருவம் உங்கள் இஷ்டம். சமநிலை கச்சிதம். ஆனால் நீர்நாயும் முதலையும் ஒரே எண்ணிக்கையான பிறகு நீர்நாயாக மாறுவதில் என்ன இருக்கிறது? 2023-ல் விளையாட்டின் உரிமையாளர்களே இதை வெள்ளோட்டம் விட்டார்கள். ஆட்டக்காரர்கள் முகம் சுளிக்க, வாபஸ். 2024 புத்தகத்தில் தனித்தனி மிருகங்கள் திரும்பிவிட்டன. உயிர்ப்புள்ளி மட்டும் ட்ரூயிட்டின் சொந்தக் கணக்கு, மேலே கொஞ்சம் போனஸ். மூன்று உயிர் ஒழிந்தது. கோட்டு ஒழியவில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொரு ஜாதி. மிருகமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பகடை உருட்டு. தோற்றால் மனித புத்தி ஒரு படி மங்கும். இந்த யோசனைக்கு நல்ல வம்சாவளி உண்டு. அர்சுலா லெ குவின் 1968-ல் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ'யில் கெட் என்ற இளம் மந்திரவாதி பருந்தாகித் தப்பிக்கிறான். பறந்து பறந்து, தான் யார் என்பதே ஏறக்குறைய மறந்துபோகிறது. கரடி உருவில் அதிக காலம் இருந்த இன்னொரு மந்திரவாதி, தன் சின்ன மகனையே கொன்றுவிட்டதாகவும் அதில் வருகிறது. மாறுவதற்கு ஒரு விலை உண்டு. அது உயிர்ப்புள்ளி அல்ல.

ஆனால் பெரும்பாலோர் இந்த விதியை அவசரமாகக் காய்ச்சிவிடுகிறார்கள். புத்தி போய்விட்டதா, சரி, இனி உன் கரடியைக் கதை சொல்பவர் ஆட்டுவார் என்கிறார்கள். ஆட்டக்காரர் எழுந்துபோய் செல்போன் பார்ப்பார். இது விலை இல்லை, அபராதம். இதைவிட நல்ல வழி, கரடியை அவரிடமே விட்டுவிட்டு, அவருக்குச் சொல்லும் செய்தியை மாற்றுவது. அறையில் எத்தனை பேர் என்று சொல்லாதீர்கள். எத்தனை வாசனை என்று சொல்லுங்கள். அதில் ஒன்று பயந்திருக்கிறது. நண்பர்கள் போடும் திட்டம் அவர் காதில் வெறும் சத்தமாக விழட்டும். ஆக்டோபஸ் ஆனாரா? அதன் நரம்பு செல்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கிறது. 'நான் கையை நீட்டுகிறேன்' என்பார். எந்தக் கை, அது சம்மதித்ததா என்று கேளுங்கள்.

இப்படி ஆட நல்ல கதைசொல்லி வேண்டும். கணக்குக் காய்ச்சலுக்கு கால்குலேட்டர் போதும். பின்னது மலிந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

இவர்கள் திரும்பி வருவதைத்தான் எல்லாரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். நேரம் முடிந்தால் தானாக மனிதன், அவ்வளவுதான். எர்த்ஸீயில் பருந்தை இன்னார் என்று அடையாளம் கண்டு மீட்பது அவன் ஆசான். காய்ச்சுகிறவர்கள் ஒரு வரி சேர்க்கலாம்: பகடையை ட்ரூயிட் உருட்டக் கூடாது. கூட இருக்கும் யாராவது ஒருவர் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, கரடிக்குக் கையெட்டும் தூரத்தில் போய் நின்று, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். 20-க்கு 12 வந்தால் பிழைத்தார்கள், இருவரும்.