‘ஜாப்’ என்கிற மரத்துண்டு

ஐ.டி.ஐ. தச்சுப் பிரிவில் படிக்கிற பையன் ‘ஜாப் முடிச்சிட்டேன் சார்’ என்றால் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு துண்டு மரத்தை அளந்து, அறுத்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து மார்க் வாங்குகிற பயிற்சித் துண்டுக்கு அங்கே ‘ஜாப்’ என்று பெயர். மார்க் போட்டதும் அது மூலைக்குப் போய்விடும். யாரும் அதன்மேல் உட்காரப் போவதில்லை. உழைப்பு இருக்கிறது, பண்டம் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தக் கூலியாக நுழையப் போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஒத்திகை வேறென்ன இருக்க முடியும்?

இந்தத் துண்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1868-ல் மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா-வோஸ் கைத்தொழிலைப் படிப்படியான பயிற்சிகளாகப் பிரித்தார். 1876 பிலடெல்பியா கண்காட்சி வழியாக அது அமெரிக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் ‘ஸ்லாய்ட்’ என்ற வேறொரு முறையை வளர்த்தார்: மாணவர் செய்வது முழுப் பொருளாக இருக்க வேண்டும், வீட்டில் புழங்க வேண்டும். முதலாவது தொழிற்சாலைக்குக் கையைத் தயார்செய்தது. இரண்டாவது, செய்தவருக்கே பொருளைத் திருப்பிக் கொடுத்தது. நம் ஐ.டி.ஐ. எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அந்த மூலையில் கிடக்கும் குவியலே சொல்லும்.

தமிழ்ச் சூழலில் இந்த விவாதம் இவ்வளவோடு முடிவதில்லை. இங்கே உளி என்பது வெறும் கருவியல்ல, சாதியின் பெயரும்கூட. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக்கல்வித் திட்டம், பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டி அதை எதிர்த்தவர்கள் சரியாகத்தான் எதிர்த்தார்கள். 1954-ல் காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அந்த வெற்றியில் நாம் செய்யாமல் விட்ட ஒன்று உண்டு. அப்பன் தொழிலைப் பிள்ளைமேல் சுமத்தாதே என்றோம். எவர் பிள்ளையும் எத்தொழிலையும் கற்க ஓர் இடம் வேண்டும் என்று அதே குரலில் கேட்கவில்லை.

2023-ல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களோடு வந்தபோது, குடும்பம் வழிவழியாக அத்தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. 2025-ல் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கப்பட்டது. பரம்பரை கேட்காத திட்டம், வரவேற்போம். ஆனால் அது முப்பத்தைந்து வயது கடந்தவருக்குக் கடனும் மானியமும் தருவது. பதினாறு வயதில் இழைப்புளி பிடித்துப் பார்க்க ஆசைப்படுகிற சேரிப் பெண் எங்கே போவாள்?

பொதுப்பட்டறைகளின் தேவை இங்கேதான் எழுகிறது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இவற்றுக்கான மரம் பெரும்பாலும் கம்பெனிக் கழிவுதான்: பேலட், பேக்கிங் கட்டை. கப்பலில் வந்த மரத்தில் கோதுமைக்கதிர் முத்திரையும் நாட்டின் குறியும் இருக்கும். பூச்சி போக, மரத்தின் நடுவரை 56 டிகிரிச் சூட்டில் முப்பது நிமிடம் வைத்ததற்கு அடையாளம் அது. இதே வட்டாரத்தில்தான் தேர்வாய் கண்டிகை மக்கள், பெரும்பாலும் தலித்துகள், ஆயிரம் ஏக்கருக்கும் மேலான மேய்ச்சல் நிலத்தை சிப்காட்டிடம் இழந்து போராடினார்கள். சொந்த ஊர் மரம் போய், அயல்நாட்டு மரம் குப்பையாக வந்து சேர்கிறது. மாணவர் அதில் ஸ்டூல் செய்கிறார். இதைவிட அரசியலான பிரதியை நான் சமீபத்தில் வாசித்ததில்லை.

இப்பொருட்களைப் பார்க்க வருகிறவர்கள் இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். ஒன்று: ‘என்ன இருந்தாலும் ஆசாரி கை வராது. அது ரத்தத்துல ஊறுனது.’ இன்னொன்று: ‘பாவம், பசங்க செஞ்சதுக்கு இவ்ளோ வந்ததே பெருசு.’ முதலாவது சாதி என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதும் சாதிதான், கருணை வேடம் போட்டது. நேர்த்தி ரத்தத்தில் ஊறுவதில்லை. சின்ன வயதிலிருந்தே கருவி கைக்கு எட்டியதாலும், மரத்தை வீணாக்கிக் கற்க முடிந்ததாலும் வருவது. அந்த வாய்ப்பை மறுத்துவிட்டு, கோணலைக் காட்டிப் பிறப்பைப் பேசுவது மோசடி. கோணலையே அழகென்று கொண்டாடுவது அதைவிடச் சுலபமான மோசடி.

அப்படியானால் அளவுகோல் எது? ஸ்டூல் ஆடக்கூடாது. இதில் சலுகை கிடையாது. ஆடினால் காலைக் கழற்றி மறுபடி செதுக்க வேண்டும். அதற்கான மரமும் நேரமும் பட்டறை தர வேண்டும். கம்பெனி விருந்தினர் வரும் நாளுக்கென்று லோகோ செதுக்கிய பேனா ஸ்டாண்டுகளைச் செய்யவைக்கும் பட்டறை, ‘ஜாப்’பை வேறு பெயரில் செய்துகொண்டிருக்கிறது. மூலைக்குப் போகும் துண்டு மேஜைக்குப் போகிறது, அவ்வளவே வித்தியாசம். செய்தவர் வீட்டுக்கு எதுவும் போகவில்லை.

நமது பத்திரிகைகள் ஓவியத்துக்கும் நாடகத்துக்கும் விமர்சனம் எழுதுகின்றன. ஒரு நாற்காலிக்கு எழுதியதுண்டா? உட்காரும் உரிமையே போராட்டமாக இருந்த மண்ணில், தன் கையால் செய்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற ஒரு பெண் கேட்பது நம் பாராட்டை அல்ல. எந்தக் காலில் பிழை என்று குனிந்து பார்த்துச் சொல்கிற விமர்சகரை.