கேசட்டுக்கு வெளியே இருந்த பாதி

சேகா நிறுவனம் 1994-இல் வெளியிட்ட 'சோனிக் 3' விளையாட்டின் கார்னிவல் நைட் பகுதியில், வழியை மறித்தபடி ஒரு பீப்பாய் தொங்குகிறது. ஏறி நின்றால் லேசாக ஆடும். குதித்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். முதல்முறை விளையாடுகிறவர் குதித்துக்கொண்டே இருப்பார். பத்து நிமிடக் கெடு முடிந்து உயிர் போய்விடும். செய்ய வேண்டியதோ வேறு: குதிக்காமல் நின்று, மேல் பொத்தானையும் கீழ் பொத்தானையும் தாளம் தப்பாமல் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். அதுவரை எந்தக் கட்டத்திலும் தேவைப்படாத வித்தை அது.

பழைய பிளாட்ஃபார்ம் விளையாட்டுகளைப் பல ஆண்டுகள் கழித்து முதன்முதலாகத் தொடுகிறவர்கள் இப்படித்தான் முட்டி நிற்கிறார்கள். படம் பழசாகிவிட்டது என்பது பெரிய குறையே அல்ல. கையேடு, மாதப் பத்திரிகை, பள்ளிக்கூடப் பேச்சு என்று அந்த விளையாட்டுகளின் பாதி கேசட்டுக்கு வெளியே இருந்தது. அந்தப் பாதி இல்லாமல்தான் இன்று அவை கைக்கு வருகின்றன.

1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதல் கட்டத்துக்கு யாருடைய துணையும் வேண்டாம். கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் வெளிவந்து வலப்பக்கம் ஓடி, கீழே விழுந்து, குழாயில் மோதி மாரியோவை நோக்கியே திரும்பி வரும். பயந்து தாண்ட நினைத்தாலும் மேலே உள்ள கற்கள் தலையில் இடிக்கும். பெரும்பாலும் காளான் மேலே பட்டு மாரியோ வளர்ந்துவிடுவான். ஷிகெரு மியாமோட்டோ ஒரு வார்த்தைகூட எழுதாமல் நடத்திய அழகான பாடம் இது. ஆனால் அதே விளையாட்டில், எல்லா உயிரும் போன பிறகு 'ஏ' பொத்தானை அழுத்தியபடி 'ஸ்டார்ட்' கொடுத்தால் விட்ட உலகத்திலிருந்தே தொடரலாம் என்பது திரையில் எங்கும் இல்லை. அது தெரியாதவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

'காசில்வேனியா' வரிசையின் இரண்டாம் விளையாட்டு இன்னும் மோசம். சிவப்புப் படிகத்தை ஏந்தி ஒரு மலைமுகட்டின் அடியில் மண்டியிட்டுக் காத்திருந்தால் சூறாவளி வந்து தூக்கிச் செல்லும். யாராவது சொன்னாலொழிய இது யாருக்குத் தோன்றும்? அமெரிக்காவில் 1988-இல் தொடங்கிய 'நிண்டெண்டோ பவர்' போன்ற இதழ்களுக்கு அத்தனை வாசகர்கள் சேர்ந்ததற்கு இத்தகைய புதிர்களும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்று விற்ற போலிக் கருவிகளின் கேசட்டுகளில் கையேடு என்ற பேச்சே இல்லை. அங்கே பக்கத்து வீட்டு அண்ணன்தான் கையேடு. ரகசியக் குழாய் எங்கே இருக்கிறது என்பது வாய்வழியாகத்தான் தெருத் தெருவாகப் பரவியது.

தொலைக்காட்சியும் மாறிவிட்டது. பழைய குழாய்த் திரை, சிக்னல் வந்த கணமே படத்தைத் தீட்டியது. இன்றைய தட்டைத் திரை படத்தைப் பதப்படுத்திவிட்டுத்தான் காட்டுகிறது. நொடிக்கு 60 படங்கள் ஓடும் விளையாட்டில் இரண்டு மூன்று படம் தாமதித்தாலும் விளிம்பில் தாவுகிறவர் பள்ளத்தில்தான் விழுவார். போதாததற்கு, 2018-இல் வந்த 'செலஸ்ட்' போன்ற புதிய விளையாட்டுகளில் கால் விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு கணம் தாவ இடம் உண்டு. அந்தச் சலுகைக்குப் பழகிய விரல்கள் பழைய விளையாட்டில் ஏமாந்துபோகின்றன.

நிண்டெண்டோ ஸ்விட்சின் சந்தாச் சேவையில் 2019 முதல் பழைய விளையாட்டுகளைப் பின்னோக்கி ஓட்டும் வசதி இருக்கிறது. இதை ஏமாற்று வேலை என்பது சரியல்ல. வேலை முடிந்து அரைமணி நேரம் விளையாடுகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் முதல் 'காசில்வேனியா' போன்ற விளையாட்டில் இத்தகைய வசதி ஒன்றைப் பறித்துவிடும். அதில் தாவிய பின் அந்தரத்தில் திசையை மாற்ற முடியாது. அடிபட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவோம். ஆகவே எதிரி வரும் ஒழுங்கை நின்று கவனித்த பிறகே தாவ வேண்டும். அந்தக் கவனிப்புதான் விளையாட்டே. பின்னோக்கி ஓட்டிக்கொண்டே போகிறவர் கோட்டையைக் கடந்துவிடுவார். கவனிக்க மட்டும் கற்றிருக்கமாட்டார்.

மறுவெளியீடு செய்யும் நிறுவனங்கள் உண்மையில் திருப்பித் தர வேண்டியது தொலைந்த பாதியைத்தான். 2015-இல் வந்த 'மெகா மேன் லெகசி கலெக்‌ஷன்' அதைச் செய்தது: ஆறு விளையாட்டுகளோடு பழைய ஓவியங்களையும் எதிரிகளைப் பற்றிய குறிப்புகளையும் சேர்த்தே கொடுத்தது. அந்த வரிசையில் எதிரியான ஐஸ் மேனை வென்று பெற்ற ஆயுதம் இன்னொரு எதிரியான ஃபயர் மேனை வீழ்த்தும் என்பதை ஊகிக்கலாம். கட் மேனிடம் பெற்றது எலெக் மேனை வீழ்த்தும் என்பதை எப்படி ஊகிப்பது? அடுத்த ஆண்டு வந்த நிண்டெண்டோவின் சின்னஞ்சிறு என்.இ.எஸ். கருவியில் திரையிலுள்ள கியூஆர் குறியீட்டைச் செல்பேசியில் படித்தால் பழைய கையேடுகள் திறந்தன. பெரிய செலவு பிடிக்காத அந்த ஏற்பாடு, இன்னும் ஒவ்வொரு மறுவெளியீட்டிலும் வழக்கமாகவில்லை.