ஊவாவின் அழிவும் இரு மருத்துவர்களின் நூல்களும்

1817ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெல்லசப் பகுதியில் மூண்டெழுந்த கிளர்ச்சியையும், அதனை ஒடுக்குதற்குப் பிரித்தானியர் நடத்திய தண்டனைப் படையெடுப்பையும் ஆராய முற்படுவோர், ஒடுக்கியோர் தரப்பு எழுத்துகளையே பெரிதும் நாடவேண்டியுள்ளது. அவற்றுள் இரண்டு, படை மருத்துவர் இருவர் எழுதியவை. யோன் டேவியின் நூல் 1821இலும், ஹென்றி மார்ஷலின் நூல் 1846இலும் வெளிவந்தன.

பதுளையில் ஆட்சிப் பிரதிநிதியாயிருந்த வில்சன் கொல்லப்பட்டமையும், கிளர்ச்சியை அடக்கச் சென்ற கெப்பெட்டிப்பொல திசாவை கிளர்ச்சியாளரோடு இணைந்தமையும் ஆட்சியாளரைக் கலங்கச் செய்தன. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. சென்னை மாகாணத்திலிருந்தும் துருப்புகள் தருவிக்கப்பட்டன. வீடுகள் எரியூட்டப்பட்டன, நெல்லும் கால்நடையும் அழிக்கப்பட்டன. ஆயுதத்தால் வெல்லவியலாத மக்களைப் பசியால் வெல்வதே அந்த முறையின் உட்பொருள்.

டேவி இவ்வழிவை மறைத்தாரல்லர். கண்டி நாட்டினுள் பிரித்தானியர் புகுந்தமைக்கே வருந்தும் நிலைக்கு அவர் வருகின்றார். ஆயினும் உயிரிழப்பை அவர் கணிக்கும் முறை ஊன்றி நோக்கற்பாலது. தம்மவர் இழப்பைப் போலப் பத்து மடங்கு, ஏறத்தாழ 10,000 பேர், என்பது அவர்தம் ஊகம். படையினரின் சாவுக்குப் பதிவேடு இருந்தது. ஊவாக் குடியானவனின் சாவோ அப்பதிவேட்டின் பெருக்கற்பலனாக மட்டுமே வரலாற்றில் இடம்பெறுகின்றது.

மார்ஷலின் நோக்கு இதனினும் கூர்மையானது. கிளர்ச்சி வென்றிருப்பின் கெப்பெட்டிப்பொல துரோகியாகவன்றித் தேசாபிமானியாகவே போற்றப்பட்டிருப்பார் என்பது அவர் கருத்து. எனினும், 1818 நவம்பர் 26இல் சிரச்சேதம் செய்யப்பட்ட அவ்வீரரின் மண்டையோடு எடின்பரோ நகரக் காட்சிச்சாலையொன்றைச் சென்றடைந்ததையும் அந்நூல் வெறுஞ் செய்தியாகவே உரைத்துச் செல்கின்றது. மனிதாபிமானம் ஆதிக்கத்தைக் கண்டிக்கலாம். அதன் கைப்பொருளை மீளக் கையளிப்பதில்லை. அம்மண்டையோடு தாயகம் திரும்ப இலங்கை சுதந்திரம் பெறும்வரை காத்திருக்க நேர்ந்தது.

இவையனைத்தும் சிங்களவரின் வரலாறு, நமக்கென்ன என்பார் உளர். கிளர்ச்சியாளர் முன்னிறுத்திய அரசுரிமையாளன் துரைசாமி என்னும் பெயரில் நாயக்கர் மரபுக்கே உரிமை கொண்டாடினான் என்பதை அன்னோர் சிந்திக்கவேண்டும். அதனினும் முக்கியமானது நிலம் பற்றிய வினா. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், பயிரிடப்படாத நிலத்தை அரசின் உடைமையெனக் கருதியது. அச்சட்டத்தின் நிழலிலேயே கோப்பியும் பின்னர் தேயிலையும் பரவின. வெல்லசத் தாழ்நிலம் தேயிலை மலையன்று. ஆதலின் 1818இன் அழிவே தோட்டங்களை உண்டாக்கிற்று என வலிந்துரைத்தல் பொருந்தாது. எனினும் ஒரே ஆட்சி, அங்கு குடியானவனின் வயலைப் பாழாக்கிற்று; இங்கு அவனது சேனை உரிமையைப் புறக்கணித்தது; அதன்பின் நம் முன்னோரைக் கூலிகளாகக் கொணர்ந்தது.

மலையகத் தமிழ் எழுத்து, ஆளில்லாக் காட்டை நம்மவர் வளநாடாக்கினர் என்று தொடங்குவது பெருவழக்கு. உழைப்பைப் பற்றிய அக்கூற்று மெய்யே. ஆளில்லாக் காடு என்பதோ துரைமார் நமக்குக் கற்பித்த பாடம். அதனை மறுக்கும்போதே, அயற்கிராமத்தானின் இழப்பையும் லயத்தானின் இழப்பையும் ஒருங்கே காட்டும் வரலாறு தொடங்கும்.