படர்க்கையில் ஒருத்தி

ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) பற்றிப் பேசும்போது, ஒரே மருத்துவமனைக்குள் முழுக் கதையையும் நடத்திவிட்ட சாமர்த்தியத்தைச் சொல்வது வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன். சென்ற ஆண்டு என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு அலையத் தொடங்கிய பிறகு அந்தப் படம் எனக்கு வேறாகத் தெரிகிறது.

புற்றுநோய் கணவனுக்கு. சிகிச்சை செய்ய வேண்டிய டாக்டர், மனைவியின் பழைய காதலன். தான் இறந்தால் அவளை ஏற்றுக்கொள்ளும்படி கணவன் டாக்டரிடம் கேட்கிறான். டாக்டர் அவனைப் பிழைக்கவைத்துவிட்டுத் தான் செத்துப்போகிறார். தியாகத்தில் ஒருவரை ஒருவர் மிஞ்சுகிறார்கள் இரு ஆண்களும். சீதா அழுகிறாள், மறுக்கிறாள். ஆனால் பேச்சு அவளைப் பற்றி நடக்கிறது; அவளோடு நடப்பது குறைவு.

சூசன் சோன்டாக் தமக்கு 1975ல் புற்றுநோய் கண்ட பின், 1978ல் நோயைப் பற்றிப் புத்தகம் எழுதினார். நோய்க்கு உருவகம் கூடாது என்பது அவர் கட்சி. நியாயமே. நான் உட்கார்ந்திருந்த அறையில் உருவகமே இல்லை. பயாப்ஸி, நிலை, சென்டிமீட்டர் – எல்லாம் சுத்தமான சொற்கள். கோளாறு இலக்கணத்தில் இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்து, “அவங்களுக்கு முழுசா எடுத்துடலாம். இல்லேன்னா கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் கொடுக்கலாம். நீங்க என்ன சொல்றீங்க சார்?” என்றார். நான் முன்னிலை. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் படர்க்கை. “முழுசா எடுத்துடுங்க” என்றேன். தைரியமாகப் பேசிவிட்ட திருப்திகூட இருந்தது.

ஆரம்ப நிலையில் இரண்டு வழிகளிலும் ஆயுள் வித்தியாசப்படுவதில்லை. மிலானில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும் நடத்திய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002லேயே வந்துவிட்டன. ஆக, விஞ்ஞானம் அந்த இடத்தில் ஒதுங்கி நின்று ஒரு பெண்ணின் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் புகுந்திருந்தேன்.

பஸ் பாடாலூர் தாண்டும்வரை அவள் பேசவில்லை. பிறகு, “யாரைக் கேட்டுச் சொன்னீங்க?” என்றாள்.

அடுத்த முறை அவளே கேட்டாள்: ரேடியேஷன் எத்தனை வாரம், தினமும் வரணுமா, எத்தனை மணிக்கு. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூரில் அவள் தாய்வீடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். அங்கே தங்கி வாரத்தில் 5 நாள் ரயிலில் போய்வருவதென்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, முதல் தடவையாக அவளை “நீங்க” என்றார்.

நம் கதைகளில் மரணம் இருக்கிறது, அதையொட்டிய தத்துவமும் கண்ணீரும் தாராளமாக இருக்கின்றன. இந்த ரயில் கணக்கு அபூர்வம். தியாகத்துக்குக் கணக்குத் தேவைப்படுவதில்லை, பிழைத்திருக்கத் தேவைப்படுகிறது. நேரடியான மொழி வேண்டும் என்று பிறர் கவிதைகளை நான் கண்டித்ததுண்டு. சொல் நேராக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அது யார் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

இந்தக் கட்டுரையிலும் அவள் படர்க்கைதான். அச்சுக்கு அனுப்புமுன் படிக்கக் கொடுத்தேன். ‘தைரியமாக’ என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்தாள். சொல்லை மாற்றாமல் விட்டிருக்கிறேன்.