இரவல் குரலில் ஒரு ஹெர்குலிஸ்

1970இல் வந்த ‘ஹெர்குலிஸ் இன் நியூயார்க்’ படத்தின் டைட்டிலில் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. ‘அர்னால்ட் ஸ்ட்ராங்’ என்று போட்டிருப்பார்கள். பெயர் போனதோடு குரலும் போயிற்று. ஆஸ்திரிய வாடை அடித்த அவருடைய ஆங்கிலத்தை எடுத்துவிட்டு வேறொருவரைப் பேசவைத்தார்கள். 1968இல்தான் அவர் அமெரிக்கா வந்திருந்தார்.

படம் சுமார்தான். கையில் காசில்லாதது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. தேவர்கள் வாழும் ஒலிம்பஸ் மலையை நகரத்துப் பூங்காவில் எடுத்திருக்கிறார்கள். தேவர்கள் பேசும்போது வாகன இரைச்சல் கேட்கிறது. ஹெர்குலிஸோடு மல்லுக்கு நிற்கும் கரடி, தோலைப் போர்த்திய ஆள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கிரேக்க ஜீயஸுக்குப் பக்கத்தில் ரோமாபுரியின் ஜூனோவை உட்காரவைத்து, கடைசிச் சண்டைக்கு விவிலியத்துச் சாம்சனையும் கூட்டிவந்ததற்குப் பணத்தைக் காரணம் சொல்ல முடியாது. அது அக்கறைக் குறைவு.

இத்தனைக்கும் கதையின் கரு நல்ல கரு. தேவலோகம் சலித்துப்போன ஹெர்குலிஸ், அப்பா ஜீயஸின் கோபத்தால் பூமியில் வந்து விழுகிறான். கப்பலேறி நியூயார்க் துறைமுகத்தில் இறங்குகிறான். அங்கே தின்பண்டம் விற்கும் பிரெட்ஸி அவனுக்குத் துணையாகிறான். பிரெட்ஸியாக வரும் அர்னால்ட் ஸ்டாங் தேர்ந்த நகைச்சுவை நடிகர். மூக்குக்கண்ணாடி போட்ட அந்த ஒல்லி மனிதர், மலைபோன்ற இளைஞனுக்குப் பக்கத்தில் படபடவென்று பேசிக்கொண்டே நடப்பதைப் பார்ப்பதுதான் படத்தின் பெரிய சுகம். பேரம், காசு, ஒப்பந்தம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவனுக்கோ ஒன்றும் விளங்குவதில்லை.

டப்பிங் கெடுத்தது இந்த உறவைத்தான். இளைஞரின் உச்சரிப்பு தடித்தது, புரிவது சிரமம் என்பது உண்மை. குரலை மாற்றியதால் வசனம் தெளிந்தது; பாத்திரம் செத்தது. ஊருக்குப் புதியவன் உள்ளூர்க்காரனைப்போல் சரளமாகப் பேசினால் அவன் விழிப்பதை யார் நம்புவார்கள்? கதாநாயகிகளின் இரவல் குரலுக்குப் பழகிய நமக்கும் உதட்டுக்கு ஒட்டாத இந்தப் பேச்சு உறுத்தும்.

பிற்பாடு டிவிடியில் அவருடைய சொந்தக் குரலும் வெளிவந்தது. அதில் சொற்கள் தடுமாறுகின்றன, ஏற்ற இறக்கம் பிசகுகிறது. ஆனால் வட்டும் ஈட்டியும் எறியும் கல்லூரி வீரர்களிடம் அவன் பெருமை பேசும்போது, யாரையும் தெரியாத ஊரில் தன் உடம்பை மட்டும் நம்பி நிற்கும் ஓர் இளைஞனின் துணிச்சல் காதில் விழுகிறது. அவர் நடிக்கக் கற்றிருக்கவில்லை. ஆனாலும் அந்தக் குரல் பாத்திரத்துக்குச் சொந்தமானது. 1984இல் ‘தி டெர்மினேட்டர்’ அதே உச்சரிப்பை மறைக்காமல் பயன்படுத்தியது.

நட்சத்திரங்களின் ஆரம்பப் படங்களைக் கேலிக்கென்றே தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இந்தப் படத்தை அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். அசல் குரல் உள்ள பிரதியைத் தேடிப் பிடித்துப் பாருங்கள்.